மோட்டார் சூடு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பங்குனி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் பேச்சே மாறிவிடும். "மோட்டார் கொதிக்குது", "காயில் போயிருச்சு", "போன மாசம்தான் கட்டினேன், மறுபடி எரிஞ்சிருச்சு" என்று ஒரே புலம்பல். இந்த இதழில் அந்தக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். கோவை கணபதியில் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அதற்கு முன்பு ஒரு மோட்டார் தொழிற்சாலையில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். அதனால் கணக்கும் வரும், பட்டறைப் பேச்சும் வரும்.

கேள்வி: மாவு மில்லில் 10 ஹெச்.பி. மோட்டார் வைத்திருக்கிறேன். இரண்டு மணி நேரம் ஓடினால் பாடியில் கை வைக்க முடியவில்லை. கை வைக்க முடியாத மோட்டார் சீக்கிரம் எரிந்துவிடும் என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். உண்மையா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். நம் கை தாங்குவது 50, 55 டிகிரி வரைதான். நல்ல நிலையில் இருக்கும் மோட்டாரின் பாடியே முழு லோடில் 70, 80 டிகிரிக்குப் போகும். அது பழுது இல்லை. கை வைத்துப் பார்க்கும் பழக்கம் அந்தக் காலத்து மோட்டார்களோடு வந்தது. அவை ஏ கிளாஸ் இன்சுலேஷன் (காயில் கம்பியைச் சுற்றிய மின்காப்பு), 105 டிகிரிதான் எல்லை. பாடியும் பெரிதாக இருக்கும், சூடும் குறைவாகத் தெரியும். உங்கள் மோட்டாரின் நேம் பிளேட்டைத் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் எஃப் என்று இருக்கும். அதன் எல்லை 155 டிகிரி. பி என்றால் 130, ஹெச் என்றால் 180.

அந்த 155 எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. சுற்றியுள்ள காற்று 40 டிகிரி என்று வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேல் காயில் சராசரியாக 105 டிகிரி ஏறலாம். காயிலுக்குள் எங்கோ ஓர் இடம் சராசரியைவிடக் கூடுதலாகச் சுடும், அதற்காக 10 டிகிரி. மூன்றையும் கூட்டினால் 155. இதில் நம் ஊருக்குச் சிக்கல் அந்த 40-இல்தான் இருக்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள், சுவரோரமாக மோட்டார் இருக்கும் இடத்தில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 40-ஐ எளிதாகத் தாண்டும். தாண்டும் ஒவ்வொரு டிகிரியும் காயிலின் சூட்டோடு அப்படியே சேரும்.

சேர்ந்தால் என்ன ஆகும்? காயில் உடனே எரியாது, ஆயுள் குறையும். 1930-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் மான்ட்சிங்கர் டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷனைச் சோதித்து ஒரு விதி சொன்னார். 8 முதல் 10 டிகிரி கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது அது. இன்றைக்கும் மோட்டார்காரர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது இதைத்தான். 20 வருடம் ஓட வேண்டியது 10 டிகிரி கூடுதலாக ஓடினால் 10 வருடம், 20 டிகிரி என்றால் 5 வருடம்.

சரி, காயிலின் உண்மையான சூட்டை எப்படித் தெரிந்துகொள்வது? செம்பே சொல்லும். சூடு ஏற ஏறச் செம்பின் மின்தடை கூடும், அதற்குத் துல்லியமான கணக்கு இருக்கிறது. காலையில் மோட்டார் முழுவதும் ஆறியிருக்கும்போது டெர்மினல் பெட்டியில் லிங்குகளைக் கழற்றிவிட்டு ஒரு பேஸின் மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். அப்போது கொட்டகையில் 30 டிகிரி, மின்தடை 2.00 ஓம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு மணி நேரம் முழு லோடில் ஓட்டிவிட்டு, மெயினை அணைத்து உடனே அதே பேஸை அளக்கிறோம். 2.52 ஓம் வருகிறது. இப்போது காலை வெப்பநிலையோடு 234.5-ஐக் கூட்டுங்கள், 264.5. இதை 2.52-ஆல் பெருக்கி 2.00-ஆல் வகுத்தால் சுமார் 333. அதிலிருந்து 234.5-ஐக் கழித்தால் 99. உங்கள் காயில் 99 டிகிரியில் இருக்கிறது. கொட்டகை அந்நேரம் 38 டிகிரி என்றால் ஏற்றம் 61 டிகிரிதான். எஃப் கிளாஸுக்கு 105 வரை இடம் இருக்கிறது. பாடியில் கை வைக்க முடியாமலே இந்த மோட்டார் பல வருடம் ஓடும்.

இரண்டு எச்சரிக்கை. சாதாரண மல்டிமீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. 2 ஓமில் அதன் வயரின் தடையே கணக்கைக் கெடுத்துவிடும். நான்கு வயர் போட்டு அளக்கும் மில்லி ஓம் மீட்டர் வேண்டும், நல்ல ரீவைண்டிங் கடைகளில் இருக்கும். அடுத்தது, நிறுத்தியவுடன் அளக்க வேண்டும். 50 கிலோவாட் வரையுள்ள மோட்டார்களுக்குத் தர விதி தருவது 30 விநாடி. அதற்குள் முடியாவிட்டால், மோட்டார் ஆற ஆறச் சில அளவுகள் எடுத்து, கோடு வரைந்து பின்னோக்கிப் போக வேண்டும். எப்படி அளந்தாலும் மெயின் அணைந்திருக்கிறதா என்று டெஸ்டரால் பார்த்த பிறகே கை வைக்கவும்.

கேள்வி: எங்கள் ஓ.இ. (ஓப்பன் எண்ட் நூற்பு) மில்லில் ஒரு 10 ஹெச்.பி. மோட்டார் திரும்பத் திரும்ப எரிகிறது. ரீவைண்டிங் செய்தால் சில மாதம்தான். கம்பி சரியில்லை என்று ஒரு கடைக்காரர், கரண்ட் சரியில்லை என்று இன்னொருவர். யாரை நம்புவது?
– மெயின்டனன்ஸ் மேற்பார்வையாளர், வெள்ளகோவில்

எரிந்த காயிலை நம்புங்கள். அடுத்த முறை எரியும்போது கடைக்கு அனுப்பும் முன் எண்டு கவரைக் கழற்றி ஒரு போட்டோ எடுங்கள். காயில் எரிந்திருக்கும் விதமே காரணத்தைச் சொல்லும். சுற்றிலும் எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால் லோடு அதிகம், அல்லது காற்றோட்டம் இல்லை. ஒரு பேஸ் காயில்கள் மட்டும் வரிசை விட்டு வரிசையாகக் கருகி, மற்ற இரண்டும் புதிது போல இருந்தால், டெல்டா (மூன்று பேஸ் காயிலையும் முக்கோணமாக இணைத்த) கனெக்‌ஷன் மோட்டாரில் ஒரு லைன் போய்விட்டது என்று அர்த்தம். ஸ்டார் (மூன்றின் முனையும் ஒரே புள்ளியில் சேரும்) கனெக்‌ஷனாக இருந்தால் இரண்டு பேஸ் கருகி ஒன்று தப்பியிருக்கும். ஒரு ஸ்லாட்டின் (காயில் உட்காரும் இரும்புப் பள்ளம்) வாயில் மட்டும் பொத்தலாக எரிந்து இரும்பும் உருகியிருந்தால் அது சூட்டால் வந்ததே இல்லை, அந்த இடத்தில் இன்சுலேஷன் கிழிந்திருக்கிறது. கடைக்காரர் பழைய காயிலை வெட்டி எடைக்குப் போட்டுவிட்டால் இந்தச் சாட்சி போய்விடும்.

உங்கள் மோட்டாரில் எல்லாக் காயிலும் ஒன்றுபோலக் கருகியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஓ.இ. மில் என்று எழுதியதால் சொல்கிறேன். என் பட்டறைக்கு மில் மோட்டார் வந்தால் முதலில் ஃபேன் கவரைத்தான் பார்ப்பேன். பின்பக்கச் சல்லடையில் பஞ்சு ஒட்டி, அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, அதன் மேல் மறுபடி பஞ்சு ஏறி, விரல் நகத்தால் கீறி எடுத்தால் கம்பளித் துண்டு மாதிரி ஒரே தகடாக வரும். ஃபேன் உள்ளே ஒழுங்காகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் இழுக்கக் காற்று இல்லை. பாடியில் நீளவாக்கில் இருக்கும் ஃபின்களின் இடுக்கும் அப்படியே அடைந்திருக்கும். அதன் மேல் யாராவது ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பெயின்ட் வேறு அடித்திருப்பார்கள். பஞ்சின் மேலேயே அடித்திருப்பார்கள்.

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நகரும் காற்று சூட்டை அள்ளிக்கொண்டு போகும். அடைபட்டு நிற்கும் காற்று சூட்டைக் கடத்தவே கடத்தாது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் ஏறத்தாழ 400 என்றால் வார்னிஷ், ஸ்லாட் பேப்பர் போன்றவற்றுக்கு 0.2 அளவில்தான். நிற்கும் காற்றுக்கு அதுவும் இல்லை, 0.03-க்கும் கீழே. ஆகவே மோட்டாருக்கு வெளியே காற்று ஓட வேண்டும், காயிலுக்கு உள்ளே காற்றே இருக்கக் கூடாது.

இந்த இரண்டாவது இடத்தில்தான் ரீவைண்டிங் கடையின் தரம் தெரியும். ஸ்லாட்டுக்குள் கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும் இடைவெளி முழுக்க வார்னிஷ் இறங்க வேண்டும். ஸ்டேட்டரை (காயில் சுற்றிய, சுழலாத பகுதி) ஓவனில் வைத்துச் சூடாக்கி ஈரத்தை விரட்டி, வார்னிஷில் முக்கி, குமிழி வருவது நிற்கும் வரை விட்டு, வடித்து, மறுபடி ஓவனில் வைத்துச் சுட வேண்டும். அவசரத்துக்கு மேலே பிரஷ்ஷால் தடவி, பல்பு போட்டுக் காயவைத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. பார்க்கப் பளபளப்பாக இருக்கும், ஸ்லாட்டுக்குள் எல்லாம் காற்று. அந்த மோட்டார் ஆம்பியர் சரியாகக் காட்டிக்கொண்டே உள்ளே வேகும்.

அடுத்தது கம்பி. இரண்டு 19 கேஜ் சேர்த்துச் சுற்றியிருந்த இடத்தில் இரண்டு 20 கேஜ் (எண் கூடினால் கம்பி மெல்லியது) போட்டால் சுற்றுவது சுலபம், கம்பியும் மிச்சம். ஆனால் செம்பின் குறுக்குப் பரப்பு கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதே ஆம்பியருக்குக் காயிலில் சூடு 23 சதவீதம் கூடுகிறது. காயிலைக் கொடுக்கும்போதே பழைய கேஜ், சுற்று எண்ணிக்கை, ஸ்லாட் பிட்ச் (காயிலின் இரு பக்கங்களுக்கும் இடையே எத்தனை ஸ்லாட்) மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரு பக்கமும் வெளியே நிற்கும் ஓவர்ஹாங் பழைய உயரத்தைவிட நீளமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். மூடிய மோட்டாரில் அதிகம் சுடுகிற இடம் பெரும்பாலும் அதுதான், அதைத் தொட இரும்பு இல்லை, சுற்றியிருப்பது உள்காற்று மட்டும்.

இன்னொன்றும் கேளுங்கள்: பழைய காயிலை எப்படி எடுத்தார்கள்? மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி எடுத்திருந்தால் அந்த மோட்டாரை எத்தனை முறை கட்டினாலும் பயனில்லை. ஸ்டேட்டர் இரும்பு மெல்லிய தகடுகளை அடுக்கிச் செய்தது. ஒவ்வொரு தகட்டின் மேலும் கண்ணுக்குத் தெரியாத இன்சுலேஷன் பூச்சு இருக்கும். கட்டுப்பாடு இல்லாத நெருப்பில் அந்தப் பூச்சு போய்விடும், தகடுகள் ஒன்றோடொன்று தொட்டு இரும்புக்குள்ளேயே கரண்ட் சுழலும். அப்புறம் லோடே இல்லாமல் ஓட்டினாலும் இரும்பு சுடும். வெப்பநிலைக் கட்டுப்பாடு உள்ள ஓவனில், இரும்பு 370 டிகிரியைத் தாண்டாமல் எடுக்க வேண்டும் என்பது ரீவைண்டிங் தொழிலில் உலகம் முழுவதும் வைத்திருக்கும் எல்லை.

கரண்ட் சரியில்லை என்று சொன்னவரும் தப்பாகச் சொல்லவில்லை. மூன்று பேஸ் வோல்டேஜும் ஒன்றாக இல்லாவிட்டால் சூடு எப்படிக் கூடும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு: சமமின்மை எத்தனை சதவீதமோ அதை அதாலேயே பெருக்கி இரட்டிப்பாக்குங்கள். 3 சதவீதம் என்றால் 18 சதவீதம் கூடுதல் ஏற்றம். 415 வோல்ட்டில் 3 சதவீதம் என்பது வெறும் 12 வோல்ட். பேனல் மீட்டரைப் பார்த்து யாரும் கவலைப்பட மாட்டார்கள். மூன்று லைனுக்கும் இடையே நல்ல மீட்டரால் அளந்து எழுதி வையுங்கள்.

கேள்வி: இட்லி மாவு அரைக்கும்போது மிக்ஸி திடீரென்று நின்றுவிடுகிறது. அடியில் சிவப்பு பட்டனை அழுத்தினால் ஓடுகிறது. திரும்பத் திரும்ப அழுத்தலாமா?
– வாசகி, ஸ்ரீரங்கம்

அழுத்தலாம், ஆனால் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு அழுத்துங்கள், சகோதரி. மிக்ஸி மோட்டார் தொடர்ந்து ஓடுவதற்காகச் செய்ததல்ல. பல மிக்ஸிகளில் 5 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் ஓய்வு என்ற கணக்கு இருக்கும், கையேட்டில் பாருங்கள். அவ்வளவு சின்ன மோட்டாரால் சூட்டை உடனுக்குடன் வெளியேற்ற முடியாது, செம்பிலும் இரும்பிலும் சேமித்துத்தான் வைக்கும். ஓர் உதாரணத்துக்கு 300 கிராம் செம்பில் 150 வாட் சூடு இறங்குகிறது, வெளியே போக வழியே இல்லை என்று வையுங்கள். விநாடிக்கு 1.3 டிகிரி ஏறும், அதாவது ஒரே நிமிடத்தில் 78 டிகிரி. உள்ளே இருக்கும் சின்ன ஃபேன்தான் இதைத் தடுக்கிறது. அது காற்று இழுப்பது அடியில் உள்ள துவாரம் வழியாக. மிக்ஸியை மடித்த துணி மேலோ பிளாஸ்டிக் விரிப்பு மேலோ வைத்தால் அந்தத் துவாரம் அடைபடும். தரையில் நேராக வையுங்கள், ஊறிய அரிசியைப் பாதிப் பாதியாகப் போடுங்கள். பட்டன் அடிக்கடி எகிறுகிறது என்று அதை நேரடியாக இணைத்துக் கொடுக்கும் மெக்கானிக்கிடம் மட்டும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: போரில் சப்மெர்சிபிள் மோட்டார் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிறது. அது எப்படிச் சூட்டில் எரியும்? தூக்கிப் பார்த்தால் காயில் உருகியிருக்கிறது என்கிறார்கள்.
– விவசாயி, உடுமலை

நல்ல கேள்வி கேட்டீர்கள். தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது, அது மோட்டாரை உரசிக்கொண்டு ஓட வேண்டும்.

போரில் இறக்கும் செட்டில் மோட்டார் கீழே, பம்பு மேலே. தண்ணீர் உறிஞ்சும் சல்லடை இரண்டுக்கும் நடுவில். ஊற்று மோட்டாருக்குக் கீழே இருந்தால் தண்ணீர் மோட்டாரின் பக்கவாட்டில் ஏறித்தான் சல்லடைக்கு வர வேண்டும். அந்த ஓட்டம்தான் மோட்டாரைக் குளிர்விக்கிறது. ஊற்று மேலே இருந்து, நீங்கள் ஆழம் ஆழமாக இறக்கிவிட்டால், தண்ணீர் மேலிருந்து நேராகச் சல்லடைக்குள் போய்விடும். மோட்டாரைச் சுற்றி இருக்கும் தண்ணீர் அசையாமல் நிற்கும், சூடாகிக்கொண்டே போகும்.

எவ்வளவு ஓட்டம் வேண்டும்? 6 அங்குல மோட்டாருக்கு விநாடிக்கு 15 சென்டிமீட்டர் வேகமாவது இருந்தால் நல்லது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோட்டாரின் விட்டம் 140 மில்லிமீட்டர், போர் ஆறரை அங்குலம், அதாவது 165 மில்லிமீட்டர். விநாடிக்கு 3 லிட்டர் எடுத்தால் இடைவெளியில் தண்ணீர் அரை மீட்டர் வேகத்தில் ஓடும், தாராளம். அதே மோட்டாரை 10 அங்குலக் கிணற்றில் விட்டால் வேகம் 9 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். திறந்த கிணற்றிலோ தொட்டியிலோ தொங்கவிட்டால் ஓட்டமே இல்லை. இதற்கு வழி, சல்லடைக்கு மேலிருந்து மோட்டாரின் அடி வரை ஒரு பி.வி.சி. குழாயை உறையாகப் போடுவது. மேலே மூடி, கீழே திறந்து விட வேண்டும். அப்போது தண்ணீர் எங்கிருந்து வந்தாலும் கீழே போய், மோட்டாரை உரசித்தான் மேலே ஏற முடியும். செலவு குறைவு. ஊற்று மேலே உள்ள போர்களுக்கும் இதுவே மருந்து. ஆனால் ஆறரை அங்குல போரில் 6 அங்குல மோட்டாருக்கு உறை போட இடம் இருக்காது. அங்கே செட்டை ஊற்றுக்கு மேலே ஏற்றிக் கட்டத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் மோட்டார் தண்ணீர் நிரப்பும் வகை என்றால் உள்ளே இருப்பது எனாமல் கம்பி அல்ல, பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. பி.வி.சி. உறை என்றால் 70 டிகிரியிலேயே எல்லை வந்துவிடும். மேலே இருக்கும் மாவு மில் மோட்டார் 99 டிகிரியில் நிம்மதியாக ஓடுகிறது, உங்களுடையது அதற்கு வெகு முன்பே உருகும். ஆகவே இறக்கும் முன் மோட்டாருக்குள் சுத்தமான தண்ணீரைக் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பினார்களா என்று கூடவே நின்று பாருங்கள். தூக்கும்போது பாடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் சுரண்டி எடுத்துவிட்டு இறக்குங்கள், அந்தப் படிவு சூட்டை வெளியே விடாது. இரண்டு பேஸில் கெப்பாசிட்டர் போட்டு ஓட்டும் வழக்கம் உங்கள் பக்கம் அதிகம். தண்ணீர் அவசரம் எனக்கும் புரிகிறது, ஆனால் அப்படி ஓடும் நேரம் முழுக்க ஒரு காயில் தன் பங்குக்கு மேல் சுமக்கிறது. கருகுவது பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: ஈரோடு ஜங்ஷனில் மின்சார ரயில் எஞ்சின் சும்மா நிற்கும்போதும் பெரிய இரைச்சல் போடுகிறது. நிற்கும் எஞ்சினில் என்ன ஓடுகிறது?
– பள்ளி ஆசிரியர், பெருந்துறை

பிளோவர்கள். சக்கரங்களை ஓட்டும் மோட்டார்களுக்குக் காற்றடிக்கவும் டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயைக் குளிர்விக்கவும் தனித்தனியாகப் பெரிய ஃபேன்கள் உள்ளே இருக்கின்றன. அவை சக்கரத்தோடு சுற்றுவதில்லை, தனி மோட்டாரில் ஓடுகின்றன.

தனி மோட்டார் ஏன் என்பதில்தான் விஷயம். ஃபேன் மோட்டாரின் ஷாஃப்டிலேயே இருந்தால், மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது காற்றும் குறையும். ரயிலை நின்ற இடத்திலிருந்து இழுக்கும்போது மோட்டாருக்கு ஆம்பியர் உச்சத்தில் இருக்கும், வேகமோ கிட்டத்தட்ட பூஜ்யம். சூடு அதிகமாகப் பிறக்கும் நேரத்தில் காற்றே இருக்காது. அதனால் காற்றை வேகத்திலிருந்து பிரித்துவிட்டார்கள்.

இதைப் படிக்கும் தொழிற்சாலைக்காரர்கள் கொஞ்சம் கவனியுங்கள். வி.எஃப்.டி. டிரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) போட்டு மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓட்டும்போது உங்கள் மோட்டாருக்கும் இதே நிலைதான், ஃபேன் தரும் காற்றும் பாதியாகிவிடும். லோடு பம்போ பிளோவரோ என்றால் கவலையில்லை, வேகம் குறைந்தால் அதன் இழுவையும் வெகுவாகக் குறையும். கன்வேயர், எக்ஸ்ட்ரூடர், லிஃப்ட் என்றால் இழுவை குறையாது, ஆம்பியரும் குறையாது. ஓவர்லோட் ரிலே ஆம்பியரை மட்டும்தான் பார்க்கிறது, சரியாகத்தானே இருக்கிறது என்று சும்மா இருக்கும். அந்த இடங்களில் பின்னால் தனி பிளோவர் வைத்த மோட்டார் வாங்குங்கள். காயிலுக்குள் தெர்மிஸ்டர் (சூட்டை உணரும் சிறு பாகம்) வைத்துத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: அனல் மின் நிலைய ஜெனரேட்டருக்குள் ஹைட்ரஜன் வாயு நிரப்பியிருப்பதாகச் சொல்கிறார்கள். வெடிக்கும் வாயுவை ஏன் அங்கே வைக்கிறார்கள்?
– வாசகர், மேட்டூர்

உங்கள் ஊரில் ஓடும் 210 மெகாவாட் செட்டையே எடுத்துக்கொள்வோம். அந்த அளவு ஜெனரேட்டரில் நூற்றுக்கு ஒன்றரை பங்கு வீணாகிறது என்று வைத்தாலும் 3 மெகாவாட்டுக்கு மேல் சூடு, ஒரு சின்ன அறை அளவு இயந்திரத்துக்குள். ரோட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று. காற்றை நிரப்பினால் அதைக் கலக்கிச் சுற்றுவதிலேயே பெரும் சக்தி போகும், அதுவும் சூடாகத்தான் மாறும். ஹைட்ரஜனின் அடர்த்தி காற்றில் 14-இல் ஒரு பங்கு. சூட்டைக் கடத்துவதில் காற்றைவிட ஏழு மடங்கு. 1937-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேட்டன் நகரில் இப்படி ஒரு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு பெரிய செட்டுகளில் இது வழக்கமாகிவிட்டது. 210 மெகாவாட் செட்டுகளில் ஸ்டேட்டர் காயிலின் செம்புப் பட்டைகள் உள்ளே துளையுள்ளவை, அதற்குள் உப்பு நீக்கிய தண்ணீர் ஓடுகிறது. உப்பு இருந்தால் தண்ணீர் வழியாகக் கரண்ட் பாயும்.

வெடிக்காதா என்றால், ஹைட்ரஜன் காற்றோடு 4 முதல் 75 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். உள்ளே 95 சதவீதத்துக்கும் மேல் தூய்மையாக வைத்திருப்பார்கள், இரவும் பகலும் மீட்டர் பார்த்துக்கொண்டே இருக்கும். ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் எண்ணெயை அழுத்தத்தில் விட்டு வாயுவை அடைத்திருப்பார்கள். நிரப்பும்போதும் எடுக்கும்போதும் காற்றையும் ஹைட்ரஜனையும் நேருக்கு நேர் சேர விடுவதில்லை, நடுவில் கார்பன் டை ஆக்சைடு ஏற்றி ஒன்றை வெளியே தள்ளிவிட்டுத்தான் மற்றதை விடுவார்கள்.

கேள்வி: பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். மோட்டாரின் குளிரூட்டலை ஆய்வு செய்வதை புராஜெக்ட்டாக எடுக்க ஆசை. எங்களிடம் பெரிய மென்பொருள் எதுவும் இல்லை. செய்ய முடியுமா சார்?
– மாணவி, திண்டுக்கல்

தாராளமாகச் செய்யலாம், அம்மா. காகிதமும் கால்குலேட்டரும் போதும். சர்க்யூட் உங்களுக்குத் தெரியும் இல்லையா? சூட்டை வாட்டில் கரண்டாக வையுங்கள், வெப்பநிலை வித்தியாசத்தை வோல்டேஜாக வையுங்கள். சூடு கடக்கும் ஒவ்வொரு அடுக்கும் ஒரு ரெசிஸ்டர். ஓம் விதியே இங்கும் செல்லும்.

முதலில் சூடு எவ்வளவு? 10 ஹெச்.பி., அதாவது 7.5 கிலோவாட், நான்கு துருவ, ஐ.இ.3 (திறன் தர வகை) மோட்டாரின் திறன் 90.4 சதவீதம். உள்ளே போவது கிட்டத்தட்ட 8.3 கிலோவாட், ஆக 800 வாட் சூடு. ஐ.இ.2 என்றால் 88.7 சதவீதம், 950 வாட். இதில் ஸ்லாட்டில் உள்ள செம்பிலிருந்து 250 வாட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 36 ஸ்லாட், ஒவ்வொன்றிலும் பேப்பர் இரும்பைத் தொடும் சுற்றளவு 60 மில்லிமீட்டர், நீளம் 150 மில்லிமீட்டர். மொத்தப் பரப்பு 0.324 சதுர மீட்டர். பேப்பர் தடிமன் 0.3 மில்லிமீட்டர், கடத்துதிறன் 0.2. தடிமனை மீட்டரில் எழுதி, கடத்துதிறனையும் பரப்பையும் பெருக்கி வந்ததால் வகுத்தால் வெப்பத்தடை 0.0046. 250-ஆல் பெருக்கினால் 1.2 டிகிரி வித்தியாசம். பேப்பருக்கும் இரும்புக்கும் நடுவே வெறும் 0.1 மில்லிமீட்டர் காற்று நின்றால்? 2.9 டிகிரி. மூன்றில் ஒரு பங்கு தடிமன், இரண்டரை மடங்கு தடை.

இப்போது கடைசி அடுக்குக்கு வாருங்கள். பாடியிலிருந்து காற்றுக்கு. இங்கே 800 வாட்டும் கடந்தாக வேண்டும். ஃபின்களோடு சேர்த்துப் பரப்பு 0.6 சதுர மீட்டர், ஃபேன் காற்றில் சதுர மீட்டருக்கு ஒவ்வொரு டிகிரிக்கும் 50 வாட் போகும் என்று எடுத்தால் வித்தியாசம் 27 டிகிரி. தூசி அடைத்து அந்த 50, 25 ஆகிவிட்டால் 53 டிகிரி. உள்ளே எதுவும் மாறவில்லை, ஆனால் காயில் 26 டிகிரி கூடுதலாகச் சுடுகிறது. வெள்ளகோவில் நண்பருக்கு ஃபேன் கவரைப் பற்றி அவ்வளவு எழுதியது இந்தக் கணக்கால்தான். செம்பு சூடானால் அதன் தடையும் டிகிரிக்கு 0.4 சதவீதம் போலக் கூடும், ஆகவே வந்த வெப்பநிலையை வைத்து 250 வாட்டைத் திருத்தி மறுபடி போடுங்கள். இரண்டு மூன்று சுற்றில் எண் நிலைத்துவிடும்.

கணக்கோடு நிறுத்திவிடாதீர்கள். கல்லூரி லேபில் இருக்கும் ஒரு மோட்டாரின் ஓவர்ஹாங்கில் ஒரு பி.டி.100 (சூடு அளக்கும் சென்சார்), ஸ்டேட்டர் இரும்பில் ஒன்று, ஃபின்னின் அடியில் ஒன்று, ஃபேன் காற்று நுழையும் இடத்தில் ஒன்று என்று பொருத்துங்கள். முழு லோடில் ஓட்டி, அரை மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் ஏறாத நிலை வரும் வரை குறித்துக்கொண்டே இருங்கள். பிறகு ஃபேன் கவரின் பாதியை அட்டையால் மூடி அதையே மறுபடி செய்யுங்கள், ஆனால் ஓவர்ஹாங் 130 டிகிரியைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் நிறுத்தியவுடன் மேலே மாவு மில்காரருக்குச் சொன்ன முறையில் மின்தடையை எடுங்கள். பி.டி.100 காட்டுவது ஓர் இடத்தின் சூடு, மின்தடை சொல்வது காயில் முழுவதன் சராசரி. இரண்டும் பொருந்தாது. எவ்வளவு பொருந்தவில்லை, ஏன் என்று எழுதும் அத்தியாயத்தை எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.